விண்ணில் ஒரு கண், கரையில் ஒரு கண்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

எங்கள் வீட்டில் 'பட்டம்' என்றால் ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்றுதான் பொருள். எந்தப் பட்டத்தில் எதை விதைப்பது என்பது தாத்தாவுக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். கல்லூரிப் பட்டம் என்ற ஒன்றை நோக்கி எங்கள் குடும்பத்திலிருந்து முதன்முதலாகப் புறப்பட்டவன் நான். இயற்பியல் படிக்கிறேன் என்று சொன்னால், "அது படிச்சா என்னா வேலைடா கெடைக்கும்?" என்று ஊரில் கேட்கிறார்கள். அதற்கு இன்னும் என்னிடம் விடை இல்லை. ஆனால், "அது படிச்சா நம்ம ஊருக்கு என்னா ஆவும்?" என்று யாராவது கேட்டால், சொல்வதற்கு ஒரு செய்தி இருக்கிறது. அந்தச் செய்தியை ஆசிரியப் பெருமக்களுக்கும் அன்பு நண்பர்களுக்கும் இக்கட்டுரை வாயிலாகச் சொல்ல விழைகிறேன்.

என் தந்தையார் எங்கள் ஊர் ஏரியின் நீர்க்கட்டி. மதகைத் திறந்து மூடி, முறை வைத்து, வயலுக்கு வயல் நீர் பாய்ச்சுவது அவர் வேலை. அறுவடைக் காலத்தில் ஒவ்வொரு களத்திலிருந்தும் அவருக்குரிய நெல் வந்து சேரும். அந்த நெல்தான் எங்களை வளர்த்தது. என்னைக் கல்லூரி வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் அதுதான். ஆகவே ஏரியைப் பற்றி எழுதுவது எனக்கு அறிவியல் கட்டுரை எழுதுவது மட்டுமன்று. வீட்டுக் கணக்கை எழுதுவதும் ஆகும்.

எங்கள் ஏரி பெரிய ஏரியன்று. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உள்ளன என்று சொல்வார்கள்; அவற்றுள் பெயர் தெரியாத ஒன்று. மேற்கே நீர்வரத்துக் கால்வாய், கிழக்கே கரை, கரையில் மூன்று மதகுகள், தெற்கே கோடி. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும். கோடி போனால் ஊரே திரண்டு போய்ப் பார்க்கும். தை முடிந்ததும் இறங்கத் தொடங்கிச் சித்திரையில் வெடித்துக் கிடக்கும். அப்போது வண்டல் அள்ளி வயலுக்கு அடிப்பார்கள். நாங்கள் அதில் மட்டைப்பந்து ஆடுவோம். நிரம்புவதும் வற்றுவதும் ஏரிக்கு மூச்சு விடுவதைப் போல.

இப்போது அது சித்திரையிலும் வற்றுவதில்லை. 'நல்லதுதானே, தண்ணீர் இருந்தால் என்ன குறை?' என்று நீங்கள் நினைக்கலாம். மேற்கே இருந்த சிற்றூர் வளர்ந்து நகரமாகிவிட்டது. அதன் கழிவுநீர்தான் கோடையிலும் எங்கள் கால்வாயில் வருகிறது என்பது ஊராரின் முறையீடு. தண்ணீர் பச்சையாகிறது, சில நாட்களில் பச்சையும் மாறிக் கறுக்கிறது. இறங்கினால் உடம்பு அரிக்கிறது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. மறுநாள் கரையோரம் செத்து ஒதுங்குகின்றன. முன்பு ஏரி காய்ந்தால் கவலைப்பட்டோம். இன்று காயாமல் இருப்பதற்குக் கவலைப்படுகிறோம்.

ஊரார் கூடி மனு எழுதினார்கள். கல்லூரிக்குப் போகிறவன் என்பதால் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மனுவைப் பெற்ற அதிகாரி பொறுமையாகவே படித்தார். பிறகு மூன்று கேள்விகள் கேட்டார். "எந்த வருஷத்திலிருந்து இப்படி? ஏரியில் எந்தப் பக்கம் அதிகம்? எந்த மாதத்தில் தொடங்குகிறது?" எங்களுடன் வந்த பெரியவர்களில் ஒருவர் ஐந்து வருஷம் என்றார், ஒருவர் பத்து என்றார், மற்றொருவர், "எம் பேத்தி பொறந்த வருசத்துலேர்ந்து சாமி" என்றார். மூவரும் பொய் சொல்பவர்கள் அல்லர். அவர்களிடம் நினைவு இருந்தது; தேதி இல்லை. எளியவர்களின் துன்பத்துக்கு எப்போதும் தேதி இருப்பதில்லை என்பதை அன்று உணர்ந்தேன். கோப்புக்கோ தேதி வேண்டும்.

அந்தத் தேதியை எங்கே போய்த் தேடுவது? அதற்கான வழி எங்கள் ஒளியியல் வகுப்பில் கிடைத்தது.

பேராசிரியர் அன்று சர் சி. வி. ராமனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். அதாவது, நம்மைப் போல ஓர் அரசுக் கல்லூரியின் மாணவர். 1921ஆம் ஆண்டு கப்பலில் ஐரோப்பா சென்று திரும்பியபோது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைச் சிந்திக்க வைத்தது. வானத்தின் நீலம் நீரில் எதிரொளிப்பதே கடலின் நிறம் என்று அறிஞர் ராலே கூறியிருந்தார். ராமன் தம்மிடமிருந்த நிக்கல் பட்டகத்தைக் கொண்டு நீர்ப்பரப்பின் எதிரொளியை விலக்கிவிட்டுப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று அவர் நிறுவினார். அந்தப் பாதையில் சென்ற ஆய்வுதான் 1928இல் ராமன் விளைவாக மலர்ந்து, 1930இல் நோபல் பரிசாகக் கனிந்தது.

"நீரின் நிறம் அலங்காரம் அன்று, அது நீருக்குள் என்ன இருக்கிறது என்று ஒளி எழுதித் தரும் கடிதம்" என்று சொல்லி, "இப்போது அந்தக் கடிதத்தைச் செயற்கைக்கோள்களும் படிக்கின்றன" என்று பேராசிரியர் முடித்தார். மணி அடித்துவிட்டது. எனக்குள்ளும் ஒரு மணி அடித்தது.

அந்தக் கடிதத்தை எப்படிப் படிப்பது என்பதை நான் விளங்கிக்கொண்ட அளவில் கூறுகிறேன்.

தெளிந்த நீர் சிவப்பு ஒளியை நன்றாக உறிஞ்சும். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியையோ ஏறத்தாழ முழுவதுமாகவே விழுங்கிவிடும். ஆகையால் அந்த ஒளியில் எடுத்த படத்தில் ஏரி கரிக்கட்டை போலக் கறுத்துத் தோன்றும். கரை எங்கே, நீர் எங்கே என்பது துல்லியமாகத் தெரியும். நீரில் மண் கலந்தால் மண் துகள்கள் சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். ஏரி பழுப்பாகத் தெரியும். பாசி பெருகினால் கதை வேறு. பாசியில் உள்ள பச்சையம் நீல ஒளியையும், 665 நானோமீட்டர் அளவிலுள்ள சிவப்பு ஒளியையும் உண்கிறது; பச்சை ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அதோடு 705 நானோமீட்டர் அளவில், சிவப்பின் விளிம்பில், ஒரு சிறு மேடு எழும்புகிறது. பாசி மிகுந்தால் மேடும் உயரும். இந்த இரண்டு அலைநீளங்களின் விகிதத்தைக் கணக்கிட்டால் ஏரியில் எந்த இடத்தில் பாசி மிகுதி, எந்த இடத்தில் குறைவு என்று கூறிவிடலாம். எத்தனை எளிய கணக்கு! வகுத்தல் தெரிந்தால் போதும்.

இனி, படங்கள் யாரிடம் உள்ளன? 1972ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் அமெரிக்கா முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளை ஏவியது. அதன்பின் வந்த லேண்ட்சாட்டுகள் பூமியைப் படம் பிடித்துச் சேர்த்துக்கொண்டே வருகின்றன. நம் நாடு 1979இல் பாஸ்கராவையும், 1988 மார்ச் 17இல் ஐ.ஆர்.எஸ். 1ஏ செயற்கைக்கோளையும் விண்ணுக்கு அனுப்பித் தொலையுணர்வுத் துறையில் தன் காலில் நின்றது. 2008 முதல் லேண்ட்சாட் படங்கள் அனைத்தும் எவருக்கும் இலவசம் என்று ஆயிற்று. ஐரோப்பியர்களின் சென்டினல்-2 வரிசையில் 2015இல் முதலாவதும் 2017இல் இரண்டாவதும் ஏவப்பட்டன. ஏறத்தாழ 786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, ஐந்து நாளைக்கு ஒரு முறை ஒரே இடத்தைப் படம் எடுக்கும் அமைப்பு அது. அதன் படங்களும் இலவசமே. நான் மேலே சொன்ன 665, 705 என்ற இரண்டு அலைநீளங்களும் அதன் பதின்மூன்று நிறப்பட்டைகளுள் இருக்கின்றன. யாரோ நம் ஏரிக்காகவே செய்து அனுப்பியது போலத் தோன்றவில்லையா?

விடுதி நண்பர்கள் இருவரும் நானும் கல்லூரிக் கணினி அறையில் அமர்ந்து எங்கள் ஊர் ஏரியைத் தேடினோம். கண்டுபிடித்தபோது ஏற்பட்ட உணர்ச்சியை எழுத்தில் வடிப்பது கடினம். உலகத்துப் பெரிய ஏரிகளை எடுக்கும் அதே கருவி எங்கள் ஏரியையும் எடுத்திருந்தது. விண்ணுக்குப் பெரிய ஊர், சிறிய ஊர் என்ற பாகுபாடு கிடையாது! படத்தின் ஒவ்வொரு புள்ளியும் நிலத்தில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். எங்கள் வீடு ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். ஆனால் ஏரி ஆயிரக்கணக்கான புள்ளிகள்.

2017 முதல் ஒவ்வோர் ஆண்டும் பங்குனி, சித்திரை மாதத்துப் படங்களை எடுத்து வரிசையாக வைத்தோம். முதல் இரண்டு ஆண்டுகளில் சித்திரையில் ஏரி காய்ந்து கிடந்தது. 2019இல் கால்வாய் வந்து விழும் மேற்கு முனையில் சிறு குட்டை போல நீர் நின்றது. அதில் 705இன் மேடு தெரிந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்தப் பச்சை, துணியில் எண்ணெய் பரவுவதைப் போலக் கிழக்கு நோக்கிப் பரவியது. அதிகாரி கேட்ட மூன்று கேள்விகளுக்கும் அந்த வரிசையில் விடை இருந்தது.

இவ்வளவோடு கட்டுரையை முடித்திருந்தால், 'அறிவியலின் அற்புதம்' என்று தலைப்பிட்டு நானும் மகிழ்ந்திருப்பேன், நீங்களும் மறந்திருப்பீர்கள். ஆனால் இனிமேல்தான் செய்தி தொடங்குகிறது.

விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது ஆனி மாதத்துப் படம் ஒன்றைக் கைப்பேசியில் அப்பாவிடம் காட்டினேன். அந்தப் படத்தில் பச்சை நிறம் மேற்கே இல்லை. கிழக்கே கரையோரம் அடைந்து கிடந்தது. கால்வாய் மேற்கே இருக்க, பாசி ஏன் கிழக்கே மிகுந்தது என்று எங்கள் மூவருக்கும் புரியாமல் இருந்தது. அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இது ஆனி மாசந்தானே? மேல்காத்து அடிக்கிற காலம். மெதக்குற அழுக்கெல்லாம் கரைக்குத்தான் வந்து ஒதுங்கும். நடு மதகாண்ட போய் நின்னா நாத்தம் கொடலைப் புடுங்கும். இதுக்கு ஒரு ராக்கெட்டு வுடணுமா?" என்றார்.

வேறொரு படத்தில், கோடிப் பக்கம் நல்ல செழிப்பான பயிர் இருப்பதைப் போல அகச்சிவப்பில் பளிச்சென்று தெரிந்தது. "ஏரிக்குள்ள யாருப்பா பயிர் வச்சது?" என்று கேட்டேன். "பயிரா? ஆகாயத்தாமரைடா அது. அதை வாருறதுக்குத்தான் போன மாசம் முதுகு ஒடிஞ்சுது" என்று சிரித்தார். இலை எதுவானாலும் அகச்சிவப்பை ஒரே மாதிரி மிகுதியாகத் திருப்பி அனுப்பும். நெல்லுக்கும் ஆகாயத்தாமரைக்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஒரு பட்டை சொல்லாது. ஏரியைச் சுற்றி நடந்தவன் சொல்வான்.

அன்றிரவு நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். எழுநூறு கிலோமீட்டருக்கும் மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குத் தேதி தெரிகிறது, பொருள் தெரியவில்லை. கரையில் நிற்கும் கண்ணுக்குப் பொருள் தெரிகிறது, தேதி தெரியவில்லை. இவ்விரண்டு கண்களும் ஒரே முகத்தில் அமைந்தால் அல்லவா முழுப் பார்வை கிடைக்கும்!

விண்கண்ணின் எல்லைகளையும் சொல்லாமல் விடுவது முறையாகாது. நீரின் மாசு அனைத்துக்கும் நிறம் உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. கரைந்த உப்புக்கு நிறமில்லை, நைட்ரேட்டுக்கு நிறமில்லை, ஃபுளூரைடுக்கு நிறமில்லை, வாந்திபேதியைத் தரும் கிருமிக்கு நிறமில்லை. தெளிந்த நஞ்சையும் தெளிந்த நீரையும் மேலிருந்து பிரித்தறிய முடியாது. மேலும், செயற்கைக்கோளை அடையும் ஒளியில் பெரும்பகுதி நீரிலிருந்து வருவதன்று. இடையிலுள்ள காற்றும் தூசியும் சிதறடித்தது. புகை மண்டிய அடுக்களையில் நின்றுகொண்டு வாசற்கோலத்தின் நிறத்தைச் சொல்வதைப் போன்றது அது. புகையின் பங்கைக் கணக்கிட்டுக் கழித்த பின்பே கோலத்தின் நிறம் தெரியும். ஆழம் குறைந்த ஏரியில் அடித்தரை மண்ணும் சேர்ந்து தெரிந்து ஏமாற்றும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் திரைபோட்டுவிடும். ஏரிக்குப் புதுநீர் வரும் அந்த நேரத்தில்தான் விண்கண் மூடிக்கிடக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று உண்டு. சென்டினல் நம் தலைக்கு மேல் வருவது காலை பத்தரை மணி அளவில். மீன்கள் வாய் திறந்து தவிப்பதோ விடியற்காலையில். பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியிடுகிறது. இரவில் அதே பாசி சுவாசித்து நீரிலுள்ள ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. ஆகவே விடியும் வேளையில்தான் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும். பத்தரை மணிக்கு வருகிறவர் பார்க்கும்போது ஏரி ஒன்றும் அறியாததைப் போலப் பச்சையாகச் சிரித்துக்கொண்டிருக்கும். ஐந்து மணிக்கு மதகைத் திறக்கப் போகிற என் தந்தையார்தான் அதன் அழுகையைப் பார்க்கிறவர்.

நம் ஊர்க் கதை மட்டுமன்று இது. அமெரிக்காவில் ஈரி என்று ஒரு மாபெரும் ஏரி இருக்கிறது. அதன் மேற்குப் பகுதியில் கோடைதோறும் நீலப்பசும்பாசி படர்வதைச் செயற்கைக்கோள்களின் உதவியால் கண்காணித்து அறிவிப்புகள் வெளியிடுகிறார்கள். 2014 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் டோலிடோ நகரின் சுமார் நான்கு இலட்சம் மக்களுக்குக் 'குழாய் நீரைக் குடிக்காதீர்கள்; காய்ச்சியும் குடிக்காதீர்கள்' என்று எச்சரிக்கை விடப்பட்டது. மைக்ரோசிஸ்டின் என்னும் பாசி நஞ்சு குழாய் நீரில் கலந்துவிட்டது. காய்ச்சினால் நீர் ஆவியாகி நஞ்சு செறியுமே தவிர அழியாது. பாசி இருப்பதை விண்கண் காட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நீரில் நஞ்சு இறங்கியதைக் கண்டு சொன்னது சுத்திகரிப்பு நிலையத்தில் நீரை எடுத்துச் செய்த சோதனை. செல்வமும் கருவியும் நிறைந்த நாட்டிலேயே கடைசிச் சொல்லைச் சொன்னது ஒரு குப்பி நீர்தான்.

நம் அண்டை மாநிலமான கேரளத்தின் வேம்பநாட்டு ஏரியிலிருந்தும் இரண்டு செய்திகள் உண்டு. 2020இல் ஊரடங்கின்போது, லேண்ட்சாட்-8 படங்களைக் கொண்டு ஆராய்ந்தவர்கள், அந்த ஏரியில் மிதக்கும் துகள்களின் அளவு முந்தைய நிலையைவிடச் சராசரியாக 15.9 விழுக்காடு குறைந்திருப்பதாகக் கண்டறிந்தார்கள். வீட்டை விட்டு எவரும் வெளியே வர முடியாத நாட்களில் ஏரி தெளிந்ததை மேலிருந்தே அளக்க முடிந்தது. இது விண்கண்ணின் பெருமை. இரண்டாவது செய்தி அதனினும் எனக்கு இனிமையானது. அதே ஏரியில் பொதுமக்களும் மாணவர்களும் கையடக்கமான செக்கித் தட்டுகளை நீரில் இறக்கி, நீரின் தெளிவையும் நிறத்தையும் அளந்து, கைப்பேசி வழியே அறிவியலாளர்களுக்கு அனுப்பினார்கள். செயற்கைக்கோள் சொல்வது மெய்யா என்று சரிபார்க்க அந்த அளவுகள் உதவுகின்றன.

செக்கித் தட்டு என்பது என்ன? பெரிய கருவி ஏதோ என்று அஞ்ச வேண்டாம். 1865இல் இத்தாலிய வானியல் அறிஞரும் பாதிரியாருமான ஏஞ்சலோ செக்கி, பின்னாளில் ராமன் வியந்த அதே மத்தியதரைக் கடலில், ஒரு வெண்ணிறத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினார். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழமே நீரின் தெளிவுக்கு அளவு. விண்மீன்களை ஆராய்ந்தவர் கடலுக்குத் தட்டு இறக்கினார், அவ்வளவுதான் கருவி.

நாங்களும் செய்தோம். அம்மா கழித்துப் போட்ட எவர்சில்வர் தட்டில் கறுப்பும் வெள்ளையுமாக நான்கு கால்வட்டங்கள் தீட்டினோம். அடியில் இரும்புத் துண்டு கட்டினோம். கயிற்றில் சாணுக்கு ஒரு முடிச்சு. மீன் குத்தகைக்காரர் தம் பரிசலைக் கொடுத்தார். செயற்கைக்கோள் வரும் நாட்களில் எவை சனி, ஞாயிறாக அமைந்தனவோ அவற்றை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, காலை பத்தரைக்கு ஏரி நடுவில் இருந்தோம். தை மாதத்தில் மூன்றாவது முடிச்சைத் தாண்டித் தட்டு தெரிந்தது. பங்குனியில் முதல் முடிச்சுக்குள்ளேயே மறைந்துவிட்டது. மேலே ஒரு கண் படம் எடுக்க, கீழே நாங்கள் அளவு எடுத்தோம். அந்தப் பத்து நிமிடமும் விண்ணில் இருப்பவருக்கும் எங்களுக்கும் இடையே ஏதோ ஒப்பந்தம் இருப்பதைப் போலத் தோன்றியது.

அப்பாவும் இந்த வேலையில் சேர்ந்துகொண்டார். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்தான். ஆனாலும் பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் 'பச்சை', 'கறுப்பு', 'மீன் மேல வந்துச்சு', 'நாத்தம்' என்று விடியற்காலைகளைக் குறித்து வைத்தார். ஒரு நாள் அவரே குப்பியில் நீர் பிடித்து ஈரத்துணி சுற்றி, முதல் பேருந்தில் என்னிடம் கொடுத்தனுப்பினார். தாவரவியல் துறை ஆசிரியர் நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினார். உருண்டை உருண்டையாகத் திரண்ட நீலப்பசும்பாசி! ஆண்டுக்கணக்கில் எங்கள் ஊர் மூக்கால் அறிந்ததை அன்று நான் கண்ணால் கண்டேன். கரைந்த ஆக்சிஜனை ஊரிலேயே நிலைநிறுத்தி எடுத்துவரும் விங்க்ளர் முறையை வேதியியல் ஆசிரியர் கற்றுத் தந்தார்.

எங்கள் இரண்டாவது மனுவில் படங்களின் வரிசை இருந்தது. தட்டின் அளவுகள் இருந்தன. அப்பாவின் நாட்காட்டித் தாள்களின் படிகளும் இருந்தன. 'கழிவுநீர்தான் காரணம்' என்று நாங்கள் எழுதவில்லை. படம் காரணத்தைச் சொல்லவில்லை. காலத்தையும் இடத்தையும்தான் சொன்னது. ஆகவே, 'இந்த இடத்தில், இந்த மாதத்தில், விடியற்காலையில் நீர் எடுத்துச் சோதித்துப் பாருங்கள்' என்று மட்டும் வேண்டினோம். சில வாரங்களில் ஆட்கள் வந்து, நாங்கள் குறித்த இடத்திலேயே, கால்வாய் வாயில் நீர் எடுத்துச் சென்றார்கள். முடிவு இன்னும் வரவில்லை. வரும் வரை மீனும் காத்திருக்கிறது, நாங்களும் காத்திருக்கிறோம். ஆனால் காத்திருப்பதற்கும் இப்போது தேதி இருக்கிறது.

நண்பர்களே! நம் கல்லூரியில் படிப்பவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஓர் ஏரிக்கரையிலிருந்தோ, கண்மாய்க் கரையிலிருந்தோ, குளக்கரையிலிருந்தோ வருகிறவர்கள். நம் பெற்றோர் அந்த நீரை மூக்காலும் நாக்காலும் தோலாலும் அறிந்தவர்கள். நமக்கோ அலைநீளமும் விகிதமும் தெரியும். வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த நாம், வீட்டாருக்குத் தெரிந்ததை எல்லாம் உதறிவிட்டு மேலே ஏறிச் செல்ல வேண்டியவர்கள் அல்லர். அவர்களுக்குத் தெரிந்ததற்கும் நமக்குத் தெரிந்ததற்கும் நடுவே நின்று இரண்டு பக்கமும் பேசக் கூடியவர்கள் நாம் மட்டுமே. விண்வெளி நிலையத்துப் பேரறிஞருக்கு என் அப்பாவின் மேல்காற்று தெரியாது. என் அப்பாவுக்கு 705 நானோமீட்டர் தெரியாது. இரண்டையும் ஒரே தாளில் எழுத ஒருவர் வேண்டாமா?

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். இயற்பியல் துறையில் ஒளி இருக்கிறது. வேதியியல் துறையில் குப்பியும் அளவியும் இருக்கின்றன. தாவரவியல் துறையில் நுண்ணோக்கி இருக்கிறது. விலங்கியல் துறைக்கு மீன் தெரியும். புவியியல் துறைக்கு வரைபடம் தெரியும். இவையெல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது அரிது. மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர் நீர்நிலைக்கு ஒரு தட்டு, ஒரு குப்பி, ஒரு குறிப்பேடு என்று எடுத்துக்கொண்டால், மூன்றாண்டுப் படிப்பு முடிவதற்குள் இந்த வட்டாரத்து ஏரிகளின் உடல்நலக் குறிப்பேடு ஒன்று நம் கல்லூரி நூலகத்தில் உருவாகிவிடும். செலவு மிகுதியில்லை. படங்களோ இலவசம்.

நம் மீது அக்கறை கொண்டு ஐந்து நாளைக்கு ஒரு முறை ஒரு விருந்தாளி வானத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். வீட்டார் யாரும் வாசலில் இல்லாவிட்டால், அவர் பார்த்தது வெறும் நிறத்தோடு நின்றுவிடும். அடுத்த முறை அவர் வரும்போது, அவரவர் ஊர் ஏரிக்கரையில் ஒருவராவது கையில் கயிற்றோடும் தட்டோடும் நிற்போம்.